நூலும் கையும்

திறமை என்ற சொல்லை நம்மவர்கள் உபயோகிக்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் ஒரு கழித்தல் கணக்கு ஒளிந்திருக்கிறது. சாதனத்தைக் கழி, இடத்தைக் கழி, பணத்தைக் கழி, மிஞ்சுவது திறமை. சுத்தமானது, அவனுக்கே உரியது. கவிதையைப் பற்றி எழுதுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். இந்தக் கணக்கைச் சோதிக்க எனக்குத் தெரிந்த களம் ஒன்றுதான்: மூலக்கொத்தளத்து மொட்டை மாடிகளுக்கு மேலே காத்தாடிகள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்ட ஆகாயம்.

கொத்தளம் என்றால் மதிலிலிருந்து துருத்தி நிற்கும் மேடு. மேலே நின்று கீழே வருகிறவனைச் சுடுவதற்கானது. 1769இல் ஹைதர் அலியின் குதிரைகள் சென்னை வாசல்வரை வந்துபோன காலத்தையொட்டிக் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழும்பிய மதிலின் மிச்சப் பெயர் இது. (அந்த மதிலுக்காகப் போட நினைத்த வரி, வால்டாக்ஸ் ரோடு என்று தெருப்பெயராக மட்டும் நிற்கிறது.) உயரத்தில் நிற்பவனின் அனுகூலம் எங்களுக்கு ஊர்ப்பெயரிலேயே இருந்தது. ஆனால் உயரத்தைவிடப் பெரிய அனுகூலம் காற்று. கோடையில் மத்தியானத்துக்கு மேல் அது கடலிலிருந்து வரும். ராயபுரத்துக்காரன் எங்களுக்குக் கிழக்கே. அவன் நூலை விட்டால் அவன் காத்தாடி எங்கள் தலைக்கு மேல் வந்து நிற்கும். எங்களுடையதோ அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் ரயில் தடங்களை நோக்கிப் போகும். சண்டை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கிறவன் அவன். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் காற்று வரும் பக்கத்தைப் பிடிக்க மாலுமிகள் மணிக்கணக்கில் அலைந்தது இதற்காகத்தான். அவர்கள் அலைந்து பெற்றதை ராயபுரத்துப் பையன் வீட்டு முகவரியாகப் பெற்றிருந்தான்.

இனி நூல். டீல் போடுவது என்றால் இரண்டு நூல்கள் குறுக்கே விழுவது. இதில் சூட்சுமம் ஒன்றே: நிற்கிற நூல் அறும். ஓடுகிற நூல் தன் தேய்மானத்தை நீளம் முழுக்கப் பங்கிட்டுக்கொள்கிறது. நிற்கிற நூல் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் வாங்கிக்கொள்கிறது. ஆகவே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இழுக்கிறவனுக்குக் கைவேகம் தேவை. விடுகிறவனுக்கு நிறைய நூல் தேவை, அதாவது காசு. காசில்லாதவன் இழுப்பில் தேர்ந்தான். அதை அவன் பாணி என்று நாங்கள் வியந்தோம். பாணி என்று கொண்டாடப்படுவதில் பாதி இப்படி இல்லாமையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். இலக்கியத்திலும் உதாரணங்கள் உண்டு, பெயர் சொன்னால் சண்டை வரும்.

சரி, எல்லாவற்றையும் கழித்தபின் கை மிஞ்சுமல்லவா? அந்தக் கை எங்கிருந்து வந்தது? நூறு காத்தாடி தோற்றுப் பழகிய கை அது. நூறு காத்தாடி தோற்க யாருக்கு வசதி இருந்தது, எந்தப் பையன் சாயங்காலங்களில் வேலைக்குப் போகாமல் மாடியில் நின்றான் என்று கேட்டால் கையும் ஒரு சேமிப்பு என்று தெரியும்.

அப்படியானால் எல்லாமே அனுகூலம்தான், திறமை என்பது ஜெயித்தவன் சொல்லும் கதை என்று முடித்துவிடலாமா? மேடையில் கைதட்டல் வாங்கும் வாதம் இது. என்னால் ஏற்க முடியவில்லை. அரைத்த கண்ணாடியும் வஜ்ரமும் சாயமும் ஏறிய பருத்தி நூல் எவ்வளவு கூராக இருந்தாலும் தானும் தேயும். அதை வைத்திருப்பவன் தோற்கக் கூடியவன். அந்த ஒரு காரணத்தாலேயே ராயபுரத்துக்காரனை நாங்கள் சில நாள் அறுத்தோம். பிறகு நைலான் வந்தது. பருத்திக்கு எதிரே அது லேசில் அறுவதில்லை. இழுப்பதா விடுவதா என்ற கேள்வியே போய்விட்டது. நூலைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டு பீடி பற்ற வைக்கலாம். முந்தைய அனுகூலங்கள் எதிராளியைச் சிரமப்படுத்தின. இது எதிராளியையே ரத்து செய்தது. இரண்டும் அளவில் வேறுபடுபவை அல்ல, ஜாதியே வேறு.

1915இல் ஜெர்மானியரின் ஃபோக்கர் விமானம், சுழலும் விசிறியின் இடைவெளியில் குண்டு போகும்படி இணைத்த துப்பாக்கியோடு வந்தது. இம்மெல்மான் அதில் ஏறிப் பெயர் பெற்றார். அவருக்குத் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். எதிரே வந்தவர்களில் அநேகருக்கு நேர் முன்னே சுடவே வழியில்லாதபோது அதை எதைக்கொண்டு அளப்பது? 1916 ஜூனில் அவர் விழுந்தார். நாங்கள் வீழ்த்தினோம் என்றது பிரிட்டன். இணைப்பு பிசகி அவர் துப்பாக்கியே அவர் விசிறியை உடைத்தது என்றது ஜெர்மனி. சாவிலும் கையையும் கருவியையும் பிரிக்க முடியவில்லை.

இப்போது எங்கள் தெருப் பையன்கள் செல்போனில் விமானச் சண்டை ஆடுகிறார்கள். நல்ல விமானம் பல நாள் ஆடினாலும் கிடைக்கும், காசு கட்டினால் சீக்கிரமே கிடைக்கும். வார் தண்டர் போன்ற ஆட்டங்களில் விமானங்களுக்குத் தர எண் இட்டு ஏறக்குறைய ஒத்தவற்றையே மோத விடுகிறார்கள். நண்பரின் கழித்தல் கணக்கை இயந்திரமே போட்டுவிடுகிறது. பையன்களின் வசவு தீர்ந்துவிடவில்லை. "காசு போட்டு ஜெயிச்சான்" என்கிறார்கள். "நாள் பூரா ஆடி ஜெயிச்சான்" என்று யாரும் ஏசுவதில்லை, நாள் பூரா ஆடிப் பெற்ற விமானம் அவன் கைக்கு எதையும் கற்றுத் தராமலிருந்தாலும். அவர்கள் காப்பாற்ற நினைப்பது திறமையை அல்ல என்று எனக்குப் படுகிறது. அவன் வழியில் எங்கேயாவது தோற்றிருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது.

ஆனால் இதெல்லாம் டீல் போட்ட இரண்டு பேருக்கு நடுவில் உள்ள நியாயம். நைலானுக்கு ஆகாயத்தில் வெற்றி தந்த அதே குணம், அறாமை, தாழ்ந்து விழுந்தால் ரோட்டில் போகிறவன் கழுத்துக்கு வருகிறது. பழைய நூலைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. பருத்தி மாஞ்சாவும் கழுத்தறுத்திருக்கிறது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. 2019இல் கொருக்குப்பேட்டையில், அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் போன குழந்தை ஒன்று மாஞ்சா அறுத்துச் செத்தது. அந்தக் குழந்தை எந்த மாடியிலும் நிற்கவில்லை, அதன் கையில் நூல் இல்லை. மேலே ஒரு காத்தாடி அறுந்தால் இன்னார் அறுத்தார் என்று தெரு முழுக்கப் பெயர் சொல்லும். கீழே அறுந்ததற்குப் போலீஸ் வந்து கேட்டால், மாடி மாடியாக எல்லோரும் துணி எடுக்க வந்தவர்களாக இருப்பார்கள்.