எழுதாத மொய்

போன சித்திரையில் எங்கள் நிலத்தை விற்றோம். ஆலங்குடி தாலுகாவில் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் புஞ்சை. பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் நான்தான் சென்னையில் உட்கார்ந்து ஆன்லைனில் எடுத்துக் கொடுத்தேன். அளக்கிற அன்றைக்கு நேரில் போனேன். சர்வேயர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் அந்த நிலத்தை மூன்று தலைமுறையாக உழுத வீட்டுக்காரர். வடகிழக்கு மூலைக் கல் எங்கே புதைந்து கிடக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. மண்வெட்டியால் நாலு போடு போட்டார், கல் வந்துவிட்டது.

பத்திரப் பதிவு முடிந்த சாயங்காலம் அப்பா அவரிடம் ஐம்பதாயிரம் கொடுத்தார்.

"இது என்ன கணக்குப்பா?"

"கணக்கு என்னடா கணக்கு. சும்மா கொடுத்ததுதான்."

அந்த 'சும்மா'தான் என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் வீட்டுக் கதைப்படி அது காவலுக்காகத் தொண்டைமான் சமஸ்தானத்தில் கொடுத்த மானியம். அந்த மாதிரி நிலம் அங்கே ஏராளம். புதுக்கோட்டையைப் பற்றி 'தி ஹாலோ கிரவுன்' எழுதிய நிக்கலஸ் டர்க்ஸ், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரி கட்டவில்லை என்கிறார். மிச்சமெல்லாம் படைவீரர்களுக்கும் கோயில்களுக்கும் பிராமணர்களுக்கும் கிராம ஊழியக்காரர்களுக்கும் விட்ட இனாம். ராஜா நிலம் கொடுப்பார், வாங்கினவன் அவருக்கு ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். கொடுத்தது முடிந்துபோகாது, அதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். நவராத்திரிக்கு அரிசியோடு கொடுத்த அம்மன் காசுகூட அப்படித்தான். செலவழித்துவிடலாம், கை நீட்டியதை மறக்க முடியாது.

1878இல் சேஷையா சாஸ்திரி திவானாக வந்தார். விளைச்சலில் பங்கு எடுக்கும் அமானி முறை போய் பணவரி வந்தது. 1888இல் இனாம் செட்டில்மென்ட். ஊழியம் வேண்டாம், லேசான வரி கட்டு, நிலத்தை வைத்துக்கொள். எங்கள் முன்னோர் ஒரே நாளில் காவல்காரரிலிருந்து பட்டாதாரர் ஆனார்கள்.

இதை அழுதுகொண்டு படிக்கிறவர்கள் உண்டு, பழைய உறவெல்லாம் போச்சே என்று. நான் அந்தக் கட்சி இல்லை. ஊழியம் என்றால் பல பேருக்குக் கூலியில்லாத சுமை, அதுவும் யார் எதைச் சுமப்பது என்று சாதி பார்த்துப் பிரித்த சுமை. அது போனது நல்லதுதான். என் சிக்கல் வேறு. எங்களை அரண்மனையோடு கட்டியிருந்த கயிற்றைத்தான் 1888 அறுத்தது. எங்கள் நிலத்தில் உழுதவர்களை எங்களோடு கட்டியிருந்த கயிறு அப்படியே கிடந்தது. அதற்குத் தாளும் இல்லை, வரியும் இல்லை. வீட்டுக் கல்யாணம் என்றால் அவர்கள் வந்து பந்தல் போடுவார்கள். சாவு என்றால் நாங்கள் நெல் கொடுப்போம். அப்பா அவரை 'அவன்' என்றுதான் சொல்வார். நான் 'அவர்' என்று எழுதுகிறேன். எழுத்தில் மரியாதை கொடுக்கக் காசு செலவில்லை.

நிலம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் ஜான் லாக்கிடம் ஒரு பதில் இருக்கிறது. பொதுவாய்க் கிடப்பதில் உன் உழைப்பைக் கலந்தால் அது உன்னுடையது. அவர் மனத்தில் உதாரணமாக ஓடியது அமெரிக்கா. கரோலினா காலனியின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக வேலை பார்த்தவர் அவர். காலேஜில் இதை முதலில் படித்தபோது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம்தான் அதே அத்தியாயத்தில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. என் வேலைக்காரன் வெட்டிய புல்தரையும் எனக்கே சொந்தம் என்கிறார் மனுஷன். உழைப்பு அவனுடையது, சொத்து என்னுடையது! எங்க அப்பா லாக்கைப் படித்ததில்லை. படிக்கத் தேவையும் இல்லை.

1785இல் புதிய அமெரிக்கா, ஓஹையோ ஆற்றுக்கு அப்பால் இருந்த நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக வெட்டியது. ஒவ்வொன்றிலும் 36 கட்டம், ஒரு கட்டம் 640 ஏக்கர், ஏக்கர் குறைந்தது ஒரு டாலர். ஐரோப்பாவில் பிரபுவுக்குக் குனிந்தவனின் பிள்ளை இங்கே யாருக்கும் குனியாமல் காசு கொடுத்து நிலம் வாங்கலாம். அது பெரிய விடுதலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் ஷானி மக்கள் சோளம் விதைத்துக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தில் அவர்களுக்குக் கட்டம் இல்லை.

நான் டேட்டாபேஸ் வேலை செய்கிறவன். ஒரு டேபிளில் ஒரு விஷயத்துக்குக் காலம் இல்லையென்றால், அந்த விஷயம் பொய்யாகிவிடாது, ஆனால் யாரும் அதைத் தேடி எடுக்க முடியாது. சிட்டாவில் உழுகிறவருக்குக் காலம் இல்லை. சட்டம் தனியாக ஒரு பதிவேடு வைத்திருக்கிறதுதான், 1969ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். அதில் பேரைச் சேர்க்க அவருடைய அப்பா எங்கள் தாத்தாவை எதிர்த்து மனு போட்டிருக்க வேண்டும். சாவுக்கு நெல் கொடுக்கிற வீட்டை எதிர்த்து எவன் மனு போடுவான்? அவர்கள் பேர் பதிவேட்டில் ஏறாமல் பார்த்துக்கொண்டது எங்களுடைய அந்த நல்ல உறவுதான்.

அப்படியானால் கடன் எவ்வளவு? விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கா, பாதியா? எக்ஸெல் ஷீட் ஒன்று திறந்து போட்டுப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல. அவர் அப்பா வெட்டிய கிணறு, அவர் நட்ட பலாமரங்கள், நாங்கள் கொடுத்த நெல். எந்த வருஷத்திலிருந்து ஆரம்பிப்பது என்பதிலேயே நின்றுவிட்டது. தொகை தெரியாது என்பதற்காகக் கடனே இல்லை என்றும் ஆகாது. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப உன் பங்குலேருந்து கொடு" என்றார். சரியான பதில்தான். நான் அந்த மாசம் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தேன்.

போன ஆடியில் அவர் மொய் விருந்து வைத்தார். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு: கறிச்சோறு போடுவார்கள், சாப்பிட்டவர்கள் மொய் செய்வார்கள், ஊர், பேர், தொகை நோட்டில் ஏறும். திரும்ப அவர்கள் விருந்து வைக்கும்போது அதையும் மேலே கொஞ்சமும் சேர்த்துச் செய்தாக வேண்டும். இப்போது கம்ப்யூட்டர் ரசீதே கொடுக்கிறார்கள்.

அப்பா ஐயாயிரம் நீட்டினார். மொய் எழுதுகிறவர் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் பந்தியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அய்யா சித்திரையில ஒரு அம்பதாயிரம் கொடுத்தாக. அதையும் சேத்து எழுதுங்க."

"அது வேறப்பா. அது சும்மா கொடுத்தது," என்றார் அப்பா.

"இருக்கட்டும்யா. எழுதட்டும்."

எழுதினார்கள். ஐம்பத்தைந்தாயிரம். ரசீது அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது, ஆலங்குடி வரும்வரை காரில் யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் இதுவரை மொய் விருந்து வைத்ததில்லை.