வரலாற்றைச் சொல்ல யாருக்கு உரிமை?

கொடைக்கானலில் ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் பன்னாட்டுப் பள்ளி 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைகிளார்க் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1970களில் அதன் பெயரும் நோக்கமும் மாறின. 1976இல் ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்) எனப்படும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தை இந்தியாவிலேயே முதலில் ஏற்ற பள்ளி அதுதான். அரசு உதவியை நம்பாத இத்தகைய பள்ளிகளில் வரலாறு நடத்த வருபவர்கள் பல நாட்டவர், பல சமயத்தவர். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு நாயக்கர் காலத்தை ஓர் அமெரிக்கக் கிறித்தவர் சொல்லித்தரலாம். ஐரோப்பியச் சமயப் போர்களை ஒரு சைவர் சொல்லித்தரலாம். அங்கே இரண்டு ஐயங்கள் எழுகின்றன. வெளியாளுக்கு நம் பழமை எப்படி விளங்கும் என்பது ஒன்று. உள்ளாள் தன்னுடையதைத் தூக்கிப் பிடிக்காமல் இருப்பாரா என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: பிறப்பும் சமயமும் ஒருவர் சொல்லும் உண்மையைத் தீர்மானிக்கின்றன என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறானது என்பது என் வாதம். பின்புலம் ஒருவருக்கு வரலாற்றைச் சொல்லும் உரிமையைக் கொடுப்பதும் இல்லை, பறிப்பதும் இல்லை. தன் மரபுக்கு இடைஞ்சலான சான்றை மற்றவர் எடுப்பதற்கு முன் தானே எடுத்து வைக்கும் பொறுப்பை அது அவர்மேல் சுமத்துகிறது.

இதற்குப் பழனி மலைப்பக்கமே சான்று தருகிறது. பழனிக்கு அருகே ஐவர்மலையில் சமணத் திருவுருவங்களும் ஒரு கல்வெட்டும் உள்ளன. சாந்திவீரக் குரவர் என்ற சமணத் துறவி அங்கிருந்த தீர்த்தங்கரர் பார்சுவநாதர், காவல் தெய்வங்களான இயக்கியர் ஆகியோரின் உருவங்களைப் புதுப்பித்து, வழிபாட்டுக்குப் பொன் கொடுத்ததை அது பதிவு செய்கிறது. கல்வெட்டில் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870 என்ற காலமும், அது பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டாம் வரகுணன் 862இல் அரியணை ஏறினான் என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவது இந்த ஒரு கல்லால்தான். பாண்டியர் கால வரிசையைக் கட்டியவர்கள் பற்றிக்கொண்ட முக்கியமான ஊன்றுகோல்களில் இதுவும் ஒன்று. சைவ மரபு உரிமை கொண்டாடும் ஓர் அரசனின் காலத்தை நமக்குக் காத்துக் கொடுத்தவர் சமணத் துறவி. இன்று அந்த மலையைப் பஞ்சபாண்டவரோடு இணைத்துப் பேசுகிறார்கள். அங்கே யார் இருந்தார்கள் என்பதை மக்கள் நினைவு மறந்துவிட்டது; கல் மறக்கவில்லை. அதைப் படிப்பவர் சைவரா, சமணரா, நாத்திகரா என்பதைப் பொறுத்து 792 என்ற எண் மாறப்போவதில்லை.

வெளியாளைப் பற்றிய ஐயத்துக்கும் இதே மலையில் விடை உண்டு. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் சேசு சபையார் 1895இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். அங்கிருந்த ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரு குருமார் பழனி மலையின் கல்திட்டைகள் என்னும் பழங்காலக் கல்லறைகளைத் தேடி ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் தன் நினைவேட்டு வரிசையில் 36ஆவதாக வெளியிட்டது. அந்தக் கல்லறைகளோடு அவர்களுக்குக் குருதி உறவும் இல்லை, சமய உறவும் இல்லை. இருந்தும் அந்த மலையின் பழமையைப் பற்றிப் பேசும் எவரும் இன்றும் அவர்கள் நூலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பின்னாளில் தொல்லியலாளர் கா. ராஜன் தாண்டிக்குடியிலும், மலையடிவாரத்துப் பொருந்தலிலும் அகழாய்வு செய்தார். பொருந்தல் ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்டது. அதே இடத்தில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த மட்கலமும் கிடைத்தது. குருமாருக்குத் தெரியாத பலவற்றை இந்த ஆய்வு காட்டியது உண்மை. அதைச் சாத்தியமாக்கியவை அகழாய்வு முறையும் காலக்கணிப்பும் எழுத்துப் பயிற்சியும். இவை எவரும் உழைத்துப் பெறக்கூடியவை. ஒரே ஓர் ஈமச்சின்னத்தை வைத்துத் தமிழி எழுத்தின் தொன்மையை முடிவு கட்டிவிடக் கூடாது என்று எச்சரித்தவர்களிலும் தமிழகத்துக் கல்வெட்டறிஞர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே மண்ணில் பிறந்து ஒரே மொழி பேசியவர்கள் ஒரே சான்றைப் பார்த்து மாறுபட்டார்கள். பிறப்பு முடிவைத் தீர்மானித்திருந்தால் அந்த விவாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கல்லுக்கும் நெல்லுக்கும் இது பொருந்தலாம். மனிதர் பட்ட பாட்டுக்குப் பொருந்துமா? கொடைக்கானலின் கதை பெரும்பாலும் 1821இல் லெப்டினன்ட் வார்டு நில அளவைக்கு வந்ததிலும், 1845இல் அமெரிக்க மிஷனரிகள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியதிலும் தொடங்குகிறது. பளியர் பழங்குடியினரின் காடும், பூம்பாறை, வில்பட்டி போன்ற ஊர்களில் குன்னுவர் சமூகத்தார் வளர்த்த உழவும் அந்தக் கதைக்கு முன்னுரையாகச் சுருங்கிவிடுகின்றன. சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதுதானே கதை எங்கே தொடங்குகிறது என்பதை முடிவு செய்தது? ஆம், அதில் ஐயமில்லை. எந்தக் கேள்வி முதலில் தோன்றும் என்பதைப் பின்புலம் பெரிதும் தீர்மானிக்கிறது. அதனால்தான் ஒரு பளியர் வீட்டுப் பிள்ளை நாளை அந்த மலையில் வரலாற்று ஆசிரியராக நிற்க வேண்டும். அது நீதி, அறிவுக்கும் லாபம். ஆனால் கேள்வி பிறக்கும் இடம் வேறு, விடையைச் சோதிக்கும் இடம் வேறு. 1845க்கு முன் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று அந்த ஆசிரியர் கேட்கும்போது, அவர் கண்ட விடையை மற்ற எல்லோரும் ஏற்றாக வேண்டும் என்பதே அவர் எதிர்பார்ப்பாக இருக்கும். விடை அவர் இனத்தாருக்கு மட்டுமே உண்மை என்று சொல்லி ஒதுக்கினால், மலையின் பொது வரலாற்றிலிருந்து அவர்களை மறுபடியும் வெளியேற்றுகிறோம்.

வேறு சிலர், ஆசிரியர் தன் சமயத்தை வாசலிலேயே விட்டுவிட்டு நடுநிலையாகப் பாடம் நடத்தட்டும் என்பார்கள். பிரச்சாரத்துக்கு அஞ்சிச் சொல்லப்படும் இந்த யோசனையில் நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால் மறைத்து வைத்த சார்பு இல்லாமல் போவதில்லை, சோதனைக்கு உட்படாமல் போகிறது. செண்பகனூரில் சேசு சபையின் மதுரை மிஷனுக்குரிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அந்த மிஷனின் குருமார் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் மதமாற்றப் பணிக்கு ஆதரவு திரட்டவும் எழுதப்பட்டவை. அவர்களின் சார்பு வெளிப்படையானது. ஆர். சத்தியநாத ஐயர் 1924இல் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதியபோது அக்கடிதங்களை ஒதுக்காமல் பயன்படுத்தினார். பலவற்றை மொழிபெயர்ப்பாக நூலின் பின்னே சேர்த்தும் கொடுத்தார். எழுதியவர் யார், யாருக்கு, எதற்காக எழுதினார் என்பது தெரிந்ததால்தான் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எடைபோட முடிந்தது. ஐ.பி. வரலாற்றுப் பாடமும் மாணவரிடம் இதையே கேட்கிறது: ஓர் ஆவணத்தின் தோற்றத்தையும் நோக்கத்தையும் கண்டு, அதன் பயனையும் வரம்பையும் சொல்ல வேண்டும். ஆவணத்துக்கு விதிக்கும் இந்தச் சோதனையிலிருந்து அதை விளக்கும் ஆசிரியருக்கு மட்டும் விலக்கு இருக்க முடியாது.

இங்கேதான் இது சமய அறம் பற்றிய கேள்வியாகிறது. தன் சமயத்தின்மேல் உள்ள பற்றும் உண்மையின்மேல் உள்ள பற்றும் மோதும்போது நம்பிக்கையாளர் என்ன செய்ய வேண்டும்? 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலியைப் போற்றும் கிறித்தவ ஆசிரியர், அவருடைய மிஷன் மேல்சாதியாருக்குத் தனிக் குருமாரையும் மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்ற வேறு குருமாரையும் வைத்துச் சாதிப் பிரிவுக்கு இடம் கொடுத்ததைத் தானே சொல்ல வேண்டும். சைவ ஆசிரியர், மதுரையில் சமணர் கழுவேறிய கதையைத் தன் மரபே வெற்றியாகக் கொண்டாடியதை மறைக்கக் கூடாது. அது ஏழாம் நூற்றாண்டு நிகழ்ச்சியாகச் சொல்லப்பட்டாலும் பெரிய புராணத்தில் விரிவாக எழுதப்பட்டது பன்னிரண்டாம் நூற்றாண்டில் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இது சமயத் துரோகம் ஆகாது. கடவுள் உண்மையே வடிவானவர் என்று நம்புகிறவர், பொய்யால் அவரைக் காப்பாற்ற முயல்வதுதான் அவநம்பிக்கை. நம் ஆசிரிய இலக்கணமும் இதற்கு இடம் தருகிறது. நன்னூல் நல்லாசிரியருக்குரிய தகுதிகளில் குலத்தை முதலில் வைப்பது உண்மைதான். ஆனால் அதே நூல் ஆசிரியரை ஒரு பக்கம் சாயாத துலாக்கோலுக்கும் ஒப்பிடுகிறது. அதை இயற்றிய பவணந்தி சமணர். அதற்கு உரை கண்ட சங்கரநமச்சிவாயரும் அவ்வுரையைத் திருத்திய சிவஞான முனிவரும் சைவர்கள். சைவ மடங்கள் தலைமுறை தலைமுறையாகச் சமணரின் நூலில் தமிழ் இலக்கணம் கற்றன. குலத்தை முதலில் எழுதிய நூலே குலம் பார்க்காமல் கற்கப்பட்டது. அதனால் சைவமும் குறையவில்லை, தமிழும் குறையவில்லை.

ஆகவே வரலாற்று ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் பள்ளி, அவர் எந்த ஊர், எந்தச் சமயம் என்பதைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. பலதரப்பட்டவர்களைத் தேடிச் சேர்ப்பது அவசியமும்கூட. ஆனால் அந்தத் தகவல் தகுதிக்கு ஈடாகாது. உங்கள் மரபைப் பற்றி அதன் எதிரிகள் சொல்வதில் எது உண்மை, அதை என்ன சான்று கொண்டு மாணவருக்குக் காட்டுவீர்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும். தயங்காமல், தற்காப்பும் தன்வெறுப்பும் இல்லாமல் இதற்கு விடை சொல்பவர் எங்கே பிறந்திருந்தாலும் பழனி மலையின் வரலாற்றைச் சொல்லித்தரத் தக்கவர். விடை சொல்ல மறுப்பவர், அந்த மலையிலேயே பத்துத் தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்தவரானாலும், இன்னும் அதற்குத் தயாராகவில்லை.