கோபால்ட்டும் தவிர்க்க முடியாத தீங்கும்

லித்தியம் அயனி மின்கலத்தின் நேர்முனையில் சேரும் கோபால்ட், தூய ஆற்றலுக்கான உலோகங்களிலேயே மிகக் கடினமான அறக்கேள்வியை எழுப்புகிறது. சூரிய மின்சாரத்தைச் சேமிக்கவும் புகையில்லாத வண்டிகளை ஓட்டவும் இந்த மின்கலம் வேண்டும். உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அந்நாட்டின் கோல்வேசி நகரைச் சுற்றிலும் பெரிய நிறுவனங்களின் சுரங்கங்கள் உள்ளன. அவற்றின் அருகிலேயே ஏழைக் குடும்பங்கள் கையால் குழி தோண்டித் தாது எடுக்கின்றன. பெரும்பாலான குழிகளுக்கு முட்டுக்கொடுப்பு கிடையாது. மண் சரிந்தால் உள்ளே இருப்பவர் மீள்வது அரிது. கோபால்ட் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தென் காங்கோவின் சுரங்கங்களில் சுமார் 40,000 சிறுவர் சிறுமியர் வேலை செய்வதாக யூனிசெஃப் 2014-இல் மதிப்பிட்டது. அவர்களில் பலர் உழைத்தது கோபால்ட் சுரங்கங்களில். பலருக்கு நன்மை தரும் ஒரு செயலுக்காகச் சிலருக்கு நேரும் தீங்கை எந்த நிபந்தனையில் பொறுத்துக்கொள்ளலாம் என்ற பழைய கேள்வி இங்கே புதிய வடிவில் நிற்கிறது.

பயன்வாதிகளின் விடை கூட்டல் கழித்தல் வழியில் செல்வது. காற்று மாசினால் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் பேர் அகாலத்தில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எரிபொருள் புகை குறைந்தால் அவர்களில் பெருந்தொகையினர் பிழைப்பார்கள். புவி வெப்பமும் தணியும். தராசில் நன்மைத் தட்டின் எடை பெரிதுதான். ஆனால் நன்மை பெறுவோர் ஒரு கண்டத்தில், விலை கொடுப்போர் வேறொரு கண்டத்தில் என்ற உண்மையை வெறும் கூட்டுத்தொகை காட்டாது. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று தத்துவ அறிஞர் காண்ட் விதித்த வரம்பை இந்தக் கணக்கு எளிதில் தாண்டிவிடுகிறது.

இதைவிடக் கூர்மையான அளவுகோல் 13-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸிடம் கிடைக்கிறது. தற்காப்பைப் பற்றிப் பேசும்போது, ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம், அவற்றில் ஒன்று மட்டுமே நோக்கமாக இருக்கலாம் என்கிறார். உயிரைக் காத்துக்கொள்வது நோக்கம். தாக்க வந்தவனின் மரணம் நோக்கத்துக்கு வெளியே நேர்வது. ஆயினும் தேவைக்கு மிஞ்சிய வலிமையைப் பயன்படுத்தினால் அச்செயல் நியாயம் இழக்கும். பின்வந்த இறையியலாளர்கள் இதை இருவிளைவு வாதமாக விரித்து இன்னொரு நிபந்தனையையும் வகுத்தனர்: தீமையே நன்மைக்கு வழியாக இருக்கக் கூடாது.

சமணம் இதே இடத்தை வேறு பாதையில் வந்தடைகிறது. கொல்லாமையில் துறவிக்கு முழு விரதம், இல்லறத்தாருக்குச் சிறு விரதம். எண்ணிச் செய்யும் கொலையை இல்லறத்தார் அறவே விட வேண்டும். சமையலிலும் உழவிலும் தொழிலிலும் தவிர்க்க இயலாமல் நேரும் இம்சைக்கு இடம் உண்டு, கவனத்தோடு அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்ற கடமையோடு. சுவேதாம்பர மரபு இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 தொழில்களைப் பட்டியலிடுகிறது; நிலத்தைத் தோண்டிப் பிழைப்பதும் அவற்றில் ஒன்று. கையில் ஆயுதம் எடுக்காதவரும் தம் பிழைப்பின் வழியாக இம்சை செய்யக்கூடும் என்று அந்த மரபு கண்டது.

அக்குவினாஸும் சமணமும் 'தவிர்க்க இயலாதது' என்ற எல்லைக்கோட்டை நம்பியே நிற்கின்றன. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைத் தத்துவம் தனியாகச் சொல்ல முடியாது. வேதியியலைக் கேட்க வேண்டும். ஆய்வாளர் ஜான் குட்எனஃப் 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனைப் பொருளாக முன்வைத்தார். அடுக்கடுக்கான அதன் அமைப்பில் லித்தியம் அயனிகள் புகுந்து வெளியேறலாம். லித்தியத்துக்கு எதிராகச் சுமார் 4 வோல்ட் கிடைக்கும். 1991-இல் சோனி இந்த மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு ஈடான பொருள் இல்லை. 1997-இல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், அதே குட்எனஃப்பின் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தது. அதில் கோபால்ட் துளியும் இல்லை. மின்சாரத்தை அது மோசமாகக் கடத்தியது உண்மை. துகள்களை நுண்ணியதாக்கியும் கரிப்பூச்சு கொடுத்தும் பிற ஆய்வாளர்கள் அந்தக் குறையைத் தீர்த்தனர். அதன் மின்னழுத்தம் சுமார் 3.4 வோல்ட், ஒரே எடையில் சேமிக்கும் ஆற்றலும் குறைவு. ஆனால் எளிதில் தீப்பிடிக்காது, நெடுங்காலம் உழைக்கும். 2023-இல் உலகின் மின்வாகன மின்கலங்களில், கொள்ளளவுக் கணக்கில், 40 விழுக்காட்டுக்கும் மேல் இந்த வகையே. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த மின்கலங்களிலும் இவ்வுலோகங்களிடையே கோபால்ட்டின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றாக இறங்கியிருக்கிறது.

இதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. ஒரு தீங்கு தவிர்க்க இயலாதது என்ற வாதத்துக்குக் காலவரம்பு உண்டு. ஆய்வு முன்னேறும்போது அந்த மன்னிப்பின் பரப்பு சுருங்குகிறது. 1991-இல் பொருந்திய சமாதானம், எடையும் தொலைவும் முக்கியமில்லாத மின்நிலையச் சேமிப்புக்கும் நகரப் பேருந்துக்கும் இன்று பொருந்தாது. மாற்று இருக்கும்போதும் கோபால்ட்டைப் பயன்படுத்துவது, அக்குவினாஸ் சொன்ன தேவைக்கு மிஞ்சிய வலிமையின் வகையையே சேரும். பொருளறிவியல் ஆய்வுக்கு ஒதுக்கும் பணமும் உழைப்பும் இவ்விதத்தில் அறக்கடமையின் ஒரு பகுதி ஆகின்றன.

வேதியியல் தீர்க்காத பாதி ஒன்று உண்டு. மின்கலத்துக்குக் கோபால்ட் தேவைப்படலாம். முட்டில்லாத குழியும் சிறுவரின் உழைப்பும் எந்த வேதிவினைக்கும் தேவையில்லை. அவை தாதின் மலிவான விலைக்கே தேவைப்படுகின்றன. தீமையே விலைக்குறைவுக்கு வழியாகும் இடத்தில் இருவிளைவு வாதம் முற்றிலும் உடைந்துபோகிறது. கோல்வேசி அருகே முத்தோஷியில் நடந்த முன்னோட்டத் திட்டம் ஒன்றில் கைச்சுரங்கத்துக்கு வேலியிட்டுச் சிறுவரை விலக்கி, தொழிலாளருக்குப் பாதுகாப்பு உடைகள் கொடுத்தார்கள். வேறு விதமாகவும் தோண்ட முடியும் என்பதற்கு அது சான்று. 2020-இல் அந்தத் திட்டம் நின்றுவிட்டது.

கோபால்ட்டை முழுதாகக் கைவிட்டால் கணக்கு நேராகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கைச்சுரங்கம்தான் அந்தக் குடும்பங்களின் சோறு. வேறு வேலை இல்லாமல் சந்தை மட்டும் மறைந்தால் அவர்கள் இரண்டாம் முறையாக விலை கொடுப்பார்கள். லித்தியமும் குற்றமற்றதல்ல: சிலியின் அட்டகாமா உப்புப் படுகையில் உவர்நீரை இறைத்து அதை எடுப்பது, வறண்ட அந்நிலத்தின் பூர்வகுடிகளுக்குத் தண்ணீர்க் கவலையாக இருக்கிறது. ஏற்கெனவே தோண்டியெடுத்த உலோகத்தை மீட்டுப் பயன்படுத்துவது கோபால்ட், லித்தியம் இரண்டையும் எடுப்பதன் சுமையை ஓரளவு இறக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு மின்கலச் சட்டப்படி, 2031 முதல் மின்வாகன மின்கலங்களில் உள்ள கோபால்ட்டில் குறைந்தது 16 விழுக்காடு மறுசுழற்சியில் கிடைத்ததாக இருக்க வேண்டும். 2036 முதல் 26 விழுக்காடு.