அழுகல் தீட்டா?

சிப்பியிலிருந்து முத்து வெளிவந்த விதத்தை, முத்துநகர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் தூத்துக்குடியிலேயே பலர் இன்று மறந்திருக்கலாம். பெருமளவில் முத்துக் குளிப்பு நடந்த காலங்களில், மன்னார் வளைகுடாவின் கடலடிப் பார்களில் மூழ்கி அள்ளிய சிப்பிகளைக் கரையில் வேலியடைத்த இடங்களில் குவித்து நாட்கணக்கில் அழுகவிட்டார்கள். ஈ மொய்த்துப் புழு வைத்து, சதையைப் புழுக்கள் தின்று தீர்த்த பிறகு மிச்சத்தைப் பழைய வள்ளங்களில் கொட்டிக் கடல்நீரில் பலமுறை அலசினார்கள். அடியில் முத்து தங்கியது. இங்கே கடைசி முத்துக் குளிப்பு 1961-இல் முடிந்தது. அரசர் மார்பிலும் கோயில் நகைகளிலும் மாசற்றதன் அடையாளமாக ஒளிர்ந்த பொருள், தாங்க முடியாத நாற்றத்தைக் கடந்து வந்தது. தூய்மை என்றால் அழுகுவதை விட்டு விலகி நிற்பதா, அழுகலை அதன் போக்கில் நடத்தி முடிப்பதா? வீட்டுச் சமையல் கழிவை உரமாக்கும் இன்றைய முயற்சியை நான் இந்தக் கேள்வியாகவே பார்க்கிறேன். விலகி நிற்பதைத் தூய்மை என்று எண்ணியது நம் பெரும் பிழை என்பதே என் முடிவு.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பையை வீட்டிலேயே தனியாகப் பிரித்துக் கொடுப்பதை ஒவ்வொருவரின் கடமையாக்கின. தமிழக நகரங்களில் வார்டுகளுக்கிடையே நுண் உரம் தயாரிக்கும் மையங்கள் எழுந்தன. தூத்துக்குடி மாநகராட்சியிலும் அவை உண்டு. பிரிக்காத குப்பையின் கதி வேறு. நகரத்துக்கு வடக்கே, தருவைகுளத்துக் குப்பைக் கிடங்கில் குவியும் கலப்புக் குப்பைக்குள் காற்றுப் புகாது. காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேன் வாயுவாகிறது, தீப்பிடிக்கிறது. அதே வாழைப்பழத் தோல் காற்றோடும் ஈரத்தோடும் தொட்டியில் கிடந்தால் சில வாரங்களில் மண்வாசம் வீசும் கருப்புத் தூளாகிறது. அழுகல் ஒன்றுதான். ஒரு வழியில் அது நஞ்சு, மறு வழியில் உரம். எந்த வழி என்பது சமையலறையில் இருக்கும் இரண்டு கூடைகளில் முடிவாகிவிடுகிறது.

அந்த இரண்டாவது கூடை ஏன் இத்தனை வீடுகளில் வரவில்லை? சோம்பல் ஒரு காரணம்தான். அதற்கு அடியில் எச்சில், தீட்டு என்னும் பழைய எண்ணம் கிடக்கிறது. பரிமாறும்வரை அன்னம் தெய்வம். இலையை மடித்த கணத்தில் அது எச்சில், தொடக்கூடாதது. ஆனால் நம் சமயங்கள் இந்த எல்லைக்கோட்டை இவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டதில்லை. அன்னத்தை இகழாதிருப்பதை விரதமாகவே சொல்லும் தைத்திரீய உபநிடதம், உயிர்கள் அன்னத்தில் பிறந்து அன்னத்திலேயே போய்ச் சேர்வதாகக் காண்கிறது. அந்தச் சுழற்சியில் குப்பை என்று தனியாக ஓர் இடம் கிடையாது. வாயில் போட்டுச் சுவைபார்த்த இறைச்சியைத்தான் வேடர் கண்ணப்பர் படைத்தார், காளத்தியப்பராகிய சிவன் ஏற்றார். சாரமற்றுப்போன உப்பைப் பற்றி லூக்கா நற்செய்தியில் இயேசு சொல்லும்போது, அது நிலத்துக்கும் ஆகாது, எருவுக்கும் ஆகாது என்கிற பொருள்பட முடிக்கிறார். பயனற்றது எது என்று காட்ட, எருக்குழிக்கும் உதவாததை அவர் சொல்கிறார் என்றால், எருக்குழிக்கு அவர் கணக்கில் ஒரு மதிப்பு இருந்தது. உப்பளங்கள் சூழ்ந்த இந்த ஊருக்கு அந்த உவமை எளிதில் புரியும்.

உரமாக்குவது வீணடிப்பதற்கு ஒரு சமாதானமாகிவிடும் என்று ஒரு மறுப்பு உண்டு. இதில் உண்மை இருக்கிறது. 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. பசித்தவனுக்குச் சேர வேண்டிய சோற்றை உரத்தொட்டியில் போடுவது அறமாகாது. சோற்றின் முதல் உரிமை வயிற்றுக்குத்தான். ஆனால் முருங்கைச்சக்கையும் முட்டைஓடும் மீன்செதிளும் யார் பசியையும் ஆற்றாதவை. மேலும், எல்லாம் கலந்த ஒரே பையில் கட்டி வீசும்போது எவ்வளவு சோறு போனது என்று யாருக்கும் தெரிவதில்லை. தனிக்கூடையில் போடும்போது நேற்றைய சாதமும் முந்தாநாள் குழம்பும் கண்ணில் படுகின்றன. அந்தக் காட்சியே அடுத்த நாள் உலையில் போடும் அரிசியைக் குறைக்க வைக்கும்.

மீன் தின்னும் கரையில் உரத்தொட்டி நாறும், நாயும் ஈயும் வரும் என்பது இன்னொரு மறுப்பு. மீன்கழிவில் நைட்ரஜன் மிகுதி. அதை மட்டும் குவித்தால் நாறத்தான் செய்யும். காய்ந்த இலையும் தென்னைநார்க் கழிவும் தாராளமாகச் சேர்த்து, அடிக்கடி புரட்டி, நடுவில் புதைத்து மூடினால் குவியல் 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும்; அந்தச் சூட்டில் புழுவும் நோய்க்கிருமியும் தாங்கா. கருவாட்டுக் கழிவை மட்டும் கவனிக்க வேண்டும், அதன் உப்பு மண்ணைக் கெடுக்கும். இது கைப்பக்குவம். பழகினால் வரும்.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் மறுப்பு வேறு. நம் கை படாத அழுகலை வேறொருவர் தொட வேண்டியிருக்கிறது. தலைமுறைகளாக அந்த வேலை எந்தச் சாதிகள் மேல் சுமத்தப்பட்டது என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். வார்டு மையம் வந்தாலும், நாப்கினும் உடைந்த கண்ணாடியும் கலந்த பையைப் பிரிப்பது ஒரு தூய்மைப் பணியாளரின் கைதான் என்றால், கிடங்கு அருகில் வந்திருக்கிறதே தவிரத் தீட்டு அப்படியே இருக்கிறது. கூலியும் கையுறையும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை மட்டும் இந்த அநீதியைத் தீர்க்கா. வீட்டில் பிரிப்பதுதான் அந்தக் கையின் வேலையை மாற்றுகிறது, ஏனெனில் அதன்பிறகு அவர் தொடுவது காய்த்தோலை. லூக்காவின் அத்திமர உவமையில் வெட்டச் சொல்பவர் நிலத்துக்காரர். கொத்தி எருப் போட ஓராண்டு தவணை கேட்பவர் தோட்டக்காரர். மரத்துக்காகப் பரிந்து பேசியவரே எருவைத் தொடுகிறவராகவும் இருக்கிறார்.

தூத்துக்குடித் தேவாலயங்களின் அசன விருந்திலும் திருச்செந்தூர் அன்னதானத்திலும் பந்தியில் பரிமாறுவதைப் பேறாக எண்ணி முந்திக்கொண்டு வருகிறார்கள். இலை எடுப்பது மட்டும் கூலி வேலையாக ஒதுங்கிவிடுகிறது. பந்தி முடிந்ததும் பரிமாறிய அதே கைகள் இன்னும் அரைமணி நேரம் நின்று, இலையையும் சோற்றையும் ஒரு கூடையிலும் பிளாஸ்டிக் பொட்டலங்களை இன்னொரு கூடையிலும் பிரித்துப் போடலாம்.