பழைய புரொஜெக்டரும் மாற்றுவதற்கான உரிமையும்

பழைய 8 மி.மீ. வீட்டுப் புரொஜெக்டர் ஒன்று கிடைத்ததும் இன்றைய ஆர்வலர் பலர் முதலில் கைவைப்பது அதன் மின்குமிழில்தான். அதற்கு நியாயம் உண்டு. ஒஸ்திரியாவின் ஒய்மிக் நிறுவனம் 1950களில் விற்ற பி8 கருவி 12 வோல்ட், 100 வொட் குமிழில் இயங்கியது. நிறுவனமோ 1980களின் தொடக்கத்தில் வங்குரோத்தாகிவிட்டது. தவிரவும், அத்தகைய குமிழின் முன் படச்சுருள் சிக்கி நின்றால் கணப்பொழுதில் கருகும். எல்.ஈ.டி. விளக்கைப் பொருத்தினால் வெப்பம் குறைகிறது. மௌத்தாகிப்போன ஒருவரின் முகத்தில் படத்தை நிறுத்தி ஆறுதலாகப் பார்க்கலாம்.

ஆனால், கொடாகுரோம் படச்சுருளின் நிறங்கள் இழைக்குமிழின் மஞ்சள் சாய்ந்த ஒளியை எண்ணி அமைக்கப்பட்டவை. குளிர்ந்த வெள்ளை ஒளியில் அந்த முகம் நீலம் பாரித்துத் தெரியும். அன்று அந்தக் குடும்பம் சுவரில் கண்ட முகம் அதுவல்ல. அப்படியானால் நாம் காப்பாற்றியது எதை?

வக்பு பற்றிய பழைய விவாதம் நினைவுக்கு வருகிறது. பயனிழந்த வக்புச் சொத்தை மாற்றலாமா என்பதில் ஹனபிகள் நிபந்தனைகளோடு இடம் கொடுப்பர். நமது ஷாபிஈ மத்ஹபினர் இறுக்கமானவர்கள். புரொஜெக்டர் வக்பு அல்லதான். எனினும் கேள்வியின் முகச்சாயல் ஒன்றே: பொருளைக் காப்பதா, பொருள் எதற்காக இருந்ததோ அதைக் காப்பதா?

விளக்கை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மஞ்சள் சாய்ந்த எல்.ஈ.டி.யைத் தேர்ந்து, பழைய குமிழ்த்தாங்கியை எறியாமல் வைத்தால் போதும். வேண்டியபோது பழையபடி ஆக்கலாம். கண்ணாடி அலுமாரியில் அழகுக்கு வைத்திருப்பவரைவிட இவர் மேலானவர். ஓடாத கருவியின் றப்பர் உருளைகள் இறுகிப்போகின்றன, எண்ணெய் பிசினாகிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. படங்களைக் கணினிக்கு மாற்றுவதற்கென்று சிலர் மூடித்தகட்டையே கழற்றுகிறார்கள், படவாயிலை அராவி அகலமாக்குகிறார்கள், வேகத்தைக் குறைக்கிறார்கள். சட்டம் சட்டமாகப் பிரதியெடுக்க அது வசதி. அந்த மூடிதான், நொடிக்கு 16 சட்டங்கள் ஓடும் படத்தில் ஒவ்வொரு சட்டத்தையும் மூன்று முறை மறைத்துக் காட்டி, 48 ஒளித்துடிப்புகளால் கண்ணுக்கு இசைவாக்கியது. அராவிய வாயிலுக்கு மீட்சி இல்லை. அக்கருவி இனி எவருக்கும் படம் காட்டாது.

படத்திலுள்ள மனிதர்கள்தாம் அமானிதம், இயந்திரமல்ல என்று அவர்கள் சொல்லக்கூடும். பெரும்பகுதி ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே பழுதாகித் திருத்த முடியாத கருவியில் இதைச் செய்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் நன்றாக ஓடுகின்ற ஒன்றை அறுப்பது வேறு. 50 அடி சுப்பர் 8 சுருள் ஓடுவது 3 நிமிடம் 20 நொடிதான். அதற்காக விளக்கணைத்து, பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்து, கடகடவென்ற ஓசைக்கு மேலால் “இது யார், பெரியம்மாவா?” என்று வீடே கேட்கும். கணினிக்குப் போன படத்தை அவரவர் தனித்தனியே, பெரும்பாலும் ஒருமுறை, பார்க்கிறார்கள்.