வெளுத்த தோலும் ஊரார் தீர்ப்பும்

மைக்கேல் ஜாக்சனின் முகம் உலகத்தார் கண்ணெதிரே மாறிய முகம். 1979இல் வெளியான ‘ஆஃப் தி வால்’ இசைத்தொகுப்பின் அட்டையில், செங்கல் சுவரின் முன்னால், கறுப்புக் கோட்டும் அடர்ந்த சுருட்டை முடியுமாகச் சிரித்தபடி நிற்கிறார் இருபதைத் தொட்ட ஒரு கறுப்பின இளைஞர். 1991 நவம்பரில் ‘பிளாக் ஆர் ஒயிட்’ பாடலின் வீடியோ ஒளிபரப்பானபோது அதே மனிதர் வெளிறிய தோலும் ஒடுங்கிய மூக்கும் குழி விழுந்த மோவாயுமாகத் தெரிந்தார். இடையில் ஓடியவை பன்னிரண்டே ஆண்டுகள். வியப்பு, கேலி, கோபம், இரக்கம் என்று அந்த மாற்றத்துக்கு எழுந்த எதிர்வினைகள் 2009 ஜூன் 25 அன்று அவர் இறக்கும்வரை ஓயவில்லை. அவற்றின் அடியில் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. ஒருவருடைய உடல் மாறும்போது உண்மையில் மாறுவது எது? அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு?

நடந்தது என்ன என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். முகத்தின் வடிவம் மாறியது ஒரு கதை. தோலின் நிறம் மாறியது வேறொரு கதை. 1979இல் நடன ஒத்திகையின்போது ஜாக்சனின் மூக்கு உடைந்தது. முதல் அறுவைச் சிகிச்சை அதற்காகச் செய்யப்பட்டது. மூக்கில் இருமுறையும், மோவாயில் குழி உண்டாக்க ஒருமுறையும் கத்தி வைத்துக்கொண்டதாக 1988இல் வெளியான ‘மூன்வாக்’ என்ற தன்வரலாற்றில் அவர் ஒப்புக்கொண்டார். அதற்குமேல் எதுவும் இல்லை என்று அவர் சொன்னதைப் படங்களைப் பார்த்தவர்களில் பலர் நம்பவில்லை. இந்தப் பகுதியில் அவருடைய விருப்பத்துக்குப் பங்கு உண்டு.

தோலின் கதை அப்படிப்பட்டதல்ல. அவருக்கு இருந்தது வெண்புள்ளி நோய். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களை உடலின் எதிர்ப்பு ஆற்றலே அழித்துவிடுவதால் ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகள் தோன்றிப் பரவும். நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் நோய் இது. தொற்றாது, உயிரையும் வாங்காது. வெளுத்த தோலை வெயில் மட்டும் எளிதில் சுட்டுவிடும். நீதிமன்ற வாசலில்கூட அவர் தலைக்குமேல் பிடிக்கப்பட்ட கறுப்புக் குடை பத்திரிகைகளுக்குக் கோமாளித்தனமாகப் பட்டது. அது தோலைக் காக்கும் குடை.

இதில் உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நோயின் தொடக்கத்தில் வெள்ளைத் திட்டுகளை மறைக்கக் கரிய நிற ஒப்பனை பூசப்பட்டது என்று அவருடைய ஒப்பனைக் கலைஞர் கேரன் ஃபே கூறியிருக்கிறார். திட்டுகள் பரவிப் பரவி, வெளுத்த பகுதி கரிய பகுதியை மிஞ்சியபோது கணக்கு தலைகீழானது. எஞ்சியிருந்த கரிய பகுதிகளையும் வெளுத்த தோலோடு ஒன்றாக்குவதே எளிதாயிற்று. மீதமுள்ள நிறத்தை நீக்கித் தோலைச் சீராக்கும் களிம்பு இதற்கென்றே உண்டு. அவர் இறந்தபின் வீட்டைச் சோதித்தபோது அதன் குழாய்கள் கிடைத்தன. ஆக, ‘இதுதான் அசல் மைக்கேல்’ என்று ரசிகர்கள் ஏங்கிய சில ஆண்டுகளின் கரிய முகம் ஓரளவு பூச்சு. ‘போலி’ என்று ஏசப்பட்ட வெளிறிய முகமோ நோய் செய்ததற்கு நெருக்கமானது. அசலும் போலியும் இப்படி இடம் மாறிக்கிடந்ததைப் பார்வையாளர்களில் எவரும் அறிந்திருக்கவில்லை.

1993 பிப்ரவரி 10 அன்று ஓப்ரா வின்ஃப்ரேக்கு அளித்த நேர்காணலில் ஜாக்சன் இந்த நோயைப் பற்றி முதன்முறையாக வெளிப்படையாகப் பேசினார். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பார்த்த நிகழ்ச்சி அது. தோலின் நிறம் அழியும் நோய் தனக்கு இருக்கிறது, அது தன் கட்டுப்பாட்டில் இல்லை என்றார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: தோல் கறுக்க வேண்டும் என்று வெயிலில் கிடக்கும் லட்சக்கணக்கானவர்களைப் பற்றி ஏன் யாரும் ஒன்றும் சொல்வதில்லை? அந்த நேர்காணலில் தத்துவம் படித்தவர்கள் எடுத்து ஆராய வேண்டிய இடம் இதுதான். தோலின் நிறத்தை மாற்றுவது தவறு என்றால் இருபக்கமும் தவறாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தவறு என்றால் குற்றம் மாற்றத்தில் இல்லை. மாறிய திசையில் இருக்கிறது.

பலர் அவரை நம்பவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட மரண விசாரணை அதிகாரியின் உடற்கூறாய்வு அறிக்கை வெளிவந்தபிறகே ஐயம் அடங்கியது. வெண்புள்ளி நோய் இருந்ததை அது உறுதிசெய்தது. புருவத்திலும் உதட்டிலும் பச்சை குத்தப்பட்டிருந்ததையும் பதிவுசெய்தது. உடனே குரல்கள் மாறின. ‘வெள்ளைக்காரனாக ஆசைப்பட்டவன்’ என்று சொன்ன வாய்களே ‘பாவம்’ என்றன. படங்களில் இருந்தது அதே முகம்தான். காரணம் தெரிந்ததும் தீர்ப்பு மாறிவிட்டது. வந்ததை மன்னிக்கலாம், வரவழைத்துக்கொண்டதை மன்னிக்க முடியாது என்ற எண்ணமே இந்தத் தடுமாற்றத்துக்கு வேர்.

இந்த எண்ணத்துக்கு நல்ல வம்சாவளி உண்டு. பிறவிக் குருடரை யாரும் பழிப்பதில்லை, குடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவரையே பழிக்கிறோம் என்று அரிஸ்டாட்டில் தம் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ மூன்றாம் பகுதியில் காட்டுகிறார். ஆனால் அதே பகுதியில் இரண்டுக்கும் நடுவே விழும் செயல்களையும் அவர் பேசுகிறார். புயலில் சிக்கிய கப்பலோட்டி சரக்கைக் கடலில் எறிகிறான். எறிவது அவன் கைதான், முடிவும் அவனுடையதுதான். ஆனாலும் புயல் இல்லாவிட்டால் எந்தப் புத்தியுள்ளவனும் அதைச் செய்யமாட்டான். எஞ்சிய நிறத்தை நீக்கிக்கொண்ட ஜாக்சனின் முடிவு இந்த வகையில் சேரும். மூக்கைப் பற்றியும் இதே ஐயத்தை எழுப்பலாம். பதின்பருவத்தில் தன் தோற்றத்தைத் தந்தை கேலி செய்ததாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஐந்து வயதில் பாடத் தொடங்கிக் கண்ணாடிக்கும் கேமராவுக்கும் நடுவிலேயே வளர்ந்த ஒருவருடைய ‘சொந்த விருப்பம்’ எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது எளிதல்ல. அவருடைய மூக்கு அழகானதா, கெட்டதா என்று பேசியவர்கள் இந்தக் கோட்டை நொடியில் கிழித்துவிட்டார்கள்.

கடவுள் தந்த உடலில் கைவைக்கலாமா என்பது சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. மூக்கைப் பொறுத்தவரை இதற்குச் சுவையான சான்றுகள் உண்டு. அர்ஃபஜா என்பவர் ஒரு போரில் மூக்கை இழந்து வெள்ளி மூக்குப் பொருத்திக்கொண்டார். அது அழுகி நாற்றமெடுக்கவே, பொன்னால் செய்து பொருத்திக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் கூறினார் என்பது ஹதீஸ் நூல்கள் தரும் செய்தி. ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்ட மார்க்கத்தில் கிடைத்த அனுமதி இது. இறைவன் படைப்பை மாற்றுவதற்கும் குறையைச் சரிசெய்வதற்கும் இடையே இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வேறுபாடு காண இது ஒரு முக்கியமான ஆதாரம். கத்தோலிக்கத் திருச்சபையில் போப் பன்னிரண்டாம் பயஸ் 1958 அக்டோபரில், தாம் இறப்பதற்குச் சில நாள்களே இருந்தபோது, இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களிடம் இதே பொருள் பற்றி உரையாற்றினார். நோக்கம் நேர்மையானதாக இருந்தால் தோற்றத்தைத் திருத்தும் சிகிச்சையில் தவறில்லை. குற்றவாளி சட்டத்திலிருந்து தப்பிக்க முகத்தை மாற்றினால் தவறு என்பது அவர் நிலை. ஜாக்சன் பிறந்து அப்போது ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. இரு சமயங்களும் செயலைவிட நோக்கத்தையே எடைபோடுகின்றன. நோக்கமோ வெளியாருக்குத் தெரியாதது. எனவே சமய அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் ரசிகரோ நிருபரோ நீதிபதி ஆக முடியாது. ஜாக்சன் யெகோவாவின் சாட்சிகள் சபையில் வளர்ந்து 1987இல் அதிலிருந்து விலகியவர். இந்த விஷயத்தில் அவர் தம் கடவுளிடம் என்ன சொன்னார் என்பது அவரோடு போய்விட்டது.

கோபத்தில் கனமானது கறுப்பினத்தாரிடமிருந்து வந்தது; அதை வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது. ‘பேட்’ தொகுப்பு வெளியான 1987இல், கறுப்பின விமர்சகர் கிரெக் டேட் நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் அந்த முகத்தை இனத் தன்வெறுப்பின் சோகமாகப் படித்துக் காட்டினார். வெள்ளையர் அளவுகோலில் தன்னையே அளந்து வெட்கப்படும் மனத்தை ஃபிரான்ஸ் ஃபனான் 1952இலேயே ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலில் விவரித்திருந்தார். தோலின் பேரால் நூற்றாண்டுகளாக மிதிபட்ட ஒரு சமூகம், தன் மிகப் புகழ்பெற்ற மகன் அந்தத் தோலை உதறிவிட்டான் என்று நினைத்தபோது புண்பட்டது இயல்பே. அந்த வேதனை உண்மையானது; ஆனால் அதற்குச் சான்றாக எடுத்துக்கொண்ட தோல் நோயுற்ற தோல். இந்தக் கூச்சல் எல்லாவற்றுக்கும் ஜாக்சன் காரணமே அல்ல, இது அமெரிக்கா தன்னைப் பற்றிப் போடும் சத்தம் என்ற பொருள்பட ஜேம்ஸ் பால்ட்வின் 1985 தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். முகம் முழுமையாக மாறுவதற்கு முன்பே எழுதப்பட்டது என்பது அந்தக் கட்டுரைக்குக் கூடுதல் பெருமை.

இன்னொரு வகைப் பார்வை முகத்தைக் குணத்தின் சாட்சியாக்கியது. சிறுவர்களிடம் தவறாக நடந்தார் என்ற குற்றச்சாட்டு 1993 ஆகஸ்டில் முதலில் வெளிவந்தது. வேறொரு வழக்கில் 2005இல் நடுவர் குழு எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது. அவர் இறந்தபின்னும் புதிய குற்றச்சாட்டுகள் எழுந்தன. இவற்றை ஆராய்வதற்குச் சாட்சிகளும் ஆவணங்களும் வேண்டும். ஆனால் ‘முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா’ என்று சொன்னவர்களுக்குக் குறைவில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற பழமொழியைக் கையில் வைத்திருக்கும் தமிழர்களும் இதில் சறுக்கக்கூடியவர்களே. குறிப்பறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் முகத்தைப் பளிங்குக்கு ஒப்பிடுகிறார். அங்கே முகம் காட்டுவது அந்த நேரத்தில் நெஞ்சில் மிகுந்து நிற்கும் உணர்ச்சியை. மூக்கின் நீளத்திலும் தோலின் நிறத்திலும் குணத்தைப் படிக்கலாம் என்று வள்ளுவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் லாவாட்டரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் லோம்புரோசோவும். அவர்களுடைய ‘அறிவியல்’ எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

அவர் அதே ஆள்தானா என்ற கேள்விக்குத் தத்துவத்தில் விடைகள் தயாராகவே இருக்கின்றன. ஜான் லாக் நினைவின் தொடர்ச்சியே ஆளின் தொடர்ச்சி என்றார். அந்தக் கணக்கில் தோலுக்கு இடமே இல்லை. பௌத்த நூலான ‘மிலிந்தனின் கேள்விக’ளில் நாகசேனர் இரவெல்லாம் எரியும் விளக்கைக் காட்டுகிறார். முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. அந்த வகையில் பார்த்தால் 1979இன் அட்டைப்படத்து இளைஞருக்கும் 1991இன் மனிதருக்கும் உள்ள தூரம், எந்த இருபது வயதுக்காரருக்கும் முப்பத்திரண்டு வயதுக்காரருக்கும் உள்ள தூரம்தான். சற்றே வெளிச்சமாகத் தெரிந்தது, அவ்வளவே.

உண்மையில் எவரும் ஆள் மாறிவிட்டதாக நம்பவில்லை. அரங்கத்தில் முதல் அடி வைத்ததுமே அவர் யார் என்பது கடைசி வரிசைக்கும் தெரிந்தது. குரலும் காலும் அதேதான். விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பாடகரை அடையாளப்படுத்துவது குரலாகத்தான் இருக்க வேண்டும். பின்னணிப் பாடகர்களை ஆண்டுக்கணக்கில் வானொலிக் குரல்களாகவே அறிந்திருந்த தமிழ்த் திரையிசை ரசிகருக்கு இது விளக்க வேண்டியதில்லை. 1983இல் ‘பில்லி ஜீன்’ வீடியோ எம்டிவியில் ஓடத் தொடங்கியதிலிருந்து ஜாக்சனின் பாட்டு காதைவிடக் கண்ணுக்கு நெருக்கமாயிற்று. தங்கள் அறைச் சுவரில் ஒட்டிய முகத்தை ரசிகர்கள் தங்கள் உடைமையாகவே கருதினார்கள். அந்த முகம் மாறியபோது எழுந்த கோபத்தில் பெரும்பகுதி, தன் பொருளைப் பிறர் திருத்திவிட்டார் என்ற கோபம். ‘பிளாக் ஆர் ஒயிட்’ வீடியோவில் பாடல் முடியும் இடத்தில் பல இனத்து முகங்கள் ஒன்று மற்றொன்றாக உருமாறிக்கொண்டே போகும். அந்த உருமாற்றத்தை உலகம் வாய்பிளந்து ரசித்தது. பாடியவரின் உருமாற்றத்தை மட்டும் பொறுக்கவில்லை.

முகத்தைச் சந்திப்பது என்றால் கண்ணின் நிறத்தைக்கூடக் கவனிக்காமல் எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்லக் கடமைப்படுவது என்ற கருத்து பிரெஞ்சுத் தத்துவவாதி இம்மானுவேல் லெவினாஸுடையது. ஜாக்சனின் முகத்தைப் பார்த்த கோடிக்கணக்கானவர்கள் அந்தப் பொருளில் அதைச் சந்திக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1993இல் அவரே வாய்திறந்து நோயைச் சொன்னபோதும், பதினாறு ஆண்டுகள் கழித்துப் பிணவறையிலிருந்து வந்த தாளைத்தான் நம்பினார்கள்.

தமிழில் இந்த நோயை நெடுங்காலம் ‘வெண்குஷ்டம்’ என்றார்கள். தொழுநோய்க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை; அந்தப் பெயர் திருமணங்களைக் கெடுத்தது, பள்ளியில் பக்கத்து இருக்கையைக் காலியாக்கியது. இப்போது வழங்க வேண்டிய சொல் வெண்புள்ளி. உலக வெண்புள்ளி நாள் ஆண்டுதோறும் ஜூன் 25 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. மைக்கேல் ஜாக்சன் இறந்த தேதி என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் அது.