வெயில் காலத்துப் பாட்டுக்காரர்கள்



பறவை பார்க்கிறவர்களுக்கு மார்கழியும் தையும் கொண்டாட்டம். வடக்கிலிருந்து வலசை வந்தவை குளம் ஏரியெல்லாம் நிறைந்திருக்கும். பங்குனியில் அவை திரும்பத் தொடங்கியதும் பலர் பைனாகுலரை பீரோவில் வைத்துவிடுவார்கள். அவசரப்படுகிறார்கள் என்பது என் கட்சி. விருந்தாளிகள் கிளம்பிய பிறகுதான் நம்மூர்ப் பறவைகள் வாயைத் திறக்கின்றன.

பங்குனியில் ஸ்ரீரங்கம் கோயில் உற்சவர் நம்பெருமாள், திருச்சி பக்கத்து ஜீயபுரத்துக்கு எழுந்தருள்வார். அதை ஒட்டி அந்தப் பக்கம் போகிறவர்கள் விடியுமுன் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். தென்னை உச்சியிலோ மின்கம்பியிலோ, கறுப்பும் வெள்ளையுமான சின்னப் பறவை ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு சீட்டியடிக்கும். அதுதான் குண்டுகரிச்சான். பங்களாதேஷின் தேசியப் பறவையும் இதுவே. ஐப்பசி, கார்த்திகையில் இதே பறவை உங்கள் வேலியோரம் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்திருக்கும். பாட்டு மட்டும் வந்திருக்காது. இப்போது ஆண் பறவைக்கு இரண்டு வேலை. மற்ற ஆண்களை எல்லைக்கு வெளியே நிறுத்த வேண்டும், சாம்பல் நிறப் பெட்டையை அழைக்கவும் வேண்டும். ஒரே பாட்டில் இரண்டையும் முடித்துக்கொள்கிறது. நடுவில் அக்கம்பக்கத்துப் பறவைகளின் குரலையும் எடுத்துச் செருகிப் பாடும்.

அங்கிருந்து முக்கொம்பு பக்கம்தான். 1836இல் தொடங்கி ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையையும் தண்ணீரையும் பார்க்கத்தான் எல்லோரும் போகிறோம். சித்திரையில் காவிரியில் மணல்தான் மிச்சம். அப்போது பூங்கா மரங்களுக்கு அடியில் நில்லுங்கள். இலைக்குள் ஒளிந்துகொண்டு மாம்பழச்சிட்டு நீளமாக விசிலடிக்கும். பாத்திரக்கடையில் சுத்தியலால் தட்டுகிற மாதிரி ‘டுக், டுக்’ என்று குக்குறுவான் ஓயாமல் குரல் கொடுக்கும்.

குயில் சங்கதி வேறு. காக்கை கூடு கட்டும் பருவத்தில்தான் அதன் கச்சேரியும் உச்சத்துக்குப் போகிறது. காரணம் இல்லாமல் இல்லை. கூவுகிறது கறுத்த ஆண். புள்ளி போட்ட பெட்டை, அசந்த நேரம் பார்த்துக் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்.

குயிலைப் போலல்லாமல், குக்குறுவான் பட்ட கிளையைக் குடைந்துதான் கூடு வைக்கும். குண்டுகரிச்சானுக்கும் மரப்பொந்து வேண்டும். வீட்டு மரத்தில் காய்ந்த கிளை இருக்கிறதே என்று இப்போதே அரிவாளை எடுக்காதீர்கள். யார் தலையிலும் விழாத இடத்தில் இருந்தால், ஆடி வரைக்குமாவது விட்டுவையுங்கள்.